அரை மாத்திரை

கையில் சோற்றுத் தட்டை ஏந்தியபடி மாஸ்டர் நின்றுகொண்டிருப்பார். பயிற்சிக்கு வந்திருந்த நாங்கள் பதினாறு பேரும் பந்தியில் பாதி உண்டு முடித்திருப்போம். அவர் மட்டும் அடுக்களை வாசலுக்கு நேரே, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க, கண்ணை எதிர்ச்சுவரில் ஊன்றி நிற்பார். உள்ளிருந்து சமையற்காரர் "உக்காருங்க மாஸ்டர்" என்று சொன்ன பிறகே அவருடைய முழங்கால் மடங்கும். பரமக்குடிக்காரரான அந்தச் சமையற்காரருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. இந்த வேலிக்குள்ளே மாஸ்டருக்கு மேலதிகாரி நான் ஒருத்தன்தேன் என்று எங்களிடம் சொல்லிக்கொள்வார். ஒருநாள் பரிமாறிவிட்டு, விறகு வண்டி வந்ததென்று பின்புறம் போனவர், வண்டிக்காரனோடு பேச்சில் இருந்துவிட்டார். நாங்கள் கை கழுவி வந்தபோதும் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சோறு ஆறி விறைத்துப் போயிருந்தது. ஏன் உட்காரவில்லை என்று நான் கேட்டேன்.

"சொல்லலயே" என்றார்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்றே அன்று எண்ணினேன். அவர் வேடிக்கை பேசுகிறவர்தாம். ஆனால் இந்த ஒன்றில் அவர் வேடிக்கை பேசியதில்லை என்பது எனக்குப் புலப்படச் சில மாதங்கள் ஆயின.

இராமநாதபுரத்தின் ஓரத்தில், நீர் வற்றிய ஊருணிக் கரையில், நீண்ட ஓட்டுக் கொட்டகை ஒன்று. அதன் முன்னே பொட்டல். பொட்டலைச் சுற்றி ஒடைமுள் வேலி. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டுகள் ஆகியிருந்த அக்காலத்தில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை உடற்பயிற்சி ஆசிரியர்களாகத் தகுதிப்படுத்தும் பயிற்சி அங்கே நடந்தது. பத்து மாதம். தேர்வில் தேறினால் சான்றிதழ். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் வேலிப் படலைத் தாண்டக் கூடாது. நான் அபிராமத்துப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தவன். விடியலில் நீராடி, நீறு பூசி, பதிகம் ஓதிய பின்னரே வாயில் நீர் ஊற்றும் வழக்கமுடையவன். பள்ளிக்கு டிரில் ஆசிரியர் இல்லை. உள்ளவருள் இளையவன் நான். சான்றிதழோடு வா, இல்லையேல் வர வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அரைக்கால் சட்டையில் என் கால்களை நானே பார்க்கக் கூசிய நிலையில் அந்தப் பொட்டலில் போய் நின்றேன்.

முதல் நாள் மாஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்தினார். அப்போது கட்டளைகளெல்லாம் ஆங்கிலத்தில்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு கூறு உண்டு; முன்னது எச்சரிக்கைச் சொல், பின்னது ஏவற்சொல். முன்னதைக் கேட்டு உடம்பு ஆயத்தமாக வேண்டும். பின்னதைக் கேட்டால்தான் கால் அசைய வேண்டும். மாஸ்டர், "ரைட்…" என்று முன்னதைச் சொன்னார். பின்னதைச் சொல்லவில்லை. நாங்கள் நின்றோம். வெயில் ஏறியது. கண்ணிமையில் ஈ உட்கார்ந்தது. திரும்புவதற்கென்று திரட்டிய வலிவெல்லாம் இடுப்பிலேயே தங்கி நொந்தது. திருப்பாலைக்குடியிலிருந்து வந்தவர் ஒருவர் பொறுக்கமாட்டாமல் காலை மாற்றினார்.

"ஏலே, ஒன்னய யாரு அசையச் சொன்னா?" என்று மாஸ்டர் மெதுவாகக் கேட்டார். அவரும் எங்களைப் போலவே, இமை கொட்டாமல், அதே வெயிலில் நின்றுகொண்டிருந்தார் என்பதை அப்போதுதான் கண்டோம்.

பிற்பாடு அதற்கு அவர் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. தண்டால் எடுக்கவும் தாண்டவும் தெரிந்தவனுக்குச் சான்றிதழ் எதற்கு, குரங்கு நம்மைவிட நன்றாகத் தாண்டும் என்பார். "நீ செய்யிறதுக்கு இல்லலே சர்டிபிகேட்டு. அடுத்தவன் விழுகாமச் செய்ய வைக்கிறதுக்கு." முன்சொல்லுக்கும் பின்சொல்லுக்கும் நடுவே நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் கடைசி வரிசைக்காரனின் கழுத்து நரம்பைப் பார்க்கத் தெரிந்தவனே மாஸ்டர் என்பார். அப்படித்தான் எங்களுள் ஒருவருக்கு இதயத்தில் குறை இருப்பதை அவர் கண்டார். எந்த மருத்துவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அவரை ஓட்டத்திலிருந்து விலக்கி, விசில் ஊதவும் நேரம் குறிக்கவும் வைத்து, அதிலேயே தேர்ச்சி பெறும் வழியையும் தேடித் தந்தார். நான் ஓடும்போது உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, என்ன முணுமுணுப்பு என்று ஒருநாள் கேட்டார். பதிகம் என்றேன். அந்தச் சீருக்கு ஏற்பக் கால் விழுவதால்தான் எனக்கு மூச்சு முட்டுவதில்லை என்று அவரே கண்டு சொன்னார். அன்று முதல் நான் அவருக்குப் 'புலவர்' ஆனேன்.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. ஒரு கட்டளையைத் தொடங்கியவரே அதை முடிக்க வேண்டும். இன்னொரு குரல் அதில் விழக் கூடாது. பட்டாளத்தில் உடற்பயிற்சி மாஸ்டராக இருந்தபோது, ஒருவர் தொடங்கிய கட்டளையை மற்றொருவர் முந்திக்கொண்டு முடித்ததால், இருவர் ஒரே நேரத்தில் மரக்குதிரையைத் தாண்டி ஒருவன் முதுகெலும்பு முறிந்ததை அவர் பார்த்திருந்தார். அதைச் சொல்லும்போது மட்டும், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கிடந்த மாதா சுரூபத்தை விரல்கள் தேடும்.

ஒரு ஞாயிறன்று என்னைப் பாம்பனுக்குத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். தலைமுறை தலைமுறையாகக் கடலில் வாழ்ந்த கிறித்தவக் குடும்பம். அவருடைய அண்ணன் கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பட்டாளத்திலிருந்து வந்த புதிதில் தம்பியை வள்ளத்தில் ஏற்றிப் பார்த்த கதையை, தம்பியை அருகில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். காற்று மாறுகிறது, பாயை இறக்க வேண்டும், கயிறு இவர் கையில் இருக்கிறது. இவரோ அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாராம். வள்ளம் ஒருபுறம் சாய்ந்து தண்ணீர் கோரிவிட்டது.

"காத்து என்ன ஒங்கிட்டக் கேட்டுட்டா அடிக்கும்? இவன வச்சுக்கிட்டு நான் எந்தக் கடலுக்குப் போக, சொல்லுங்க சார்வா" என்றார் அண்ணன்.

மாஸ்டர் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. நாங்கள் புறப்படும்போது, அந்த அம்மாள் என்னைத் தனியே அழைத்து, மாஸ்டருடைய வேலை தற்காலிகம், ஏழாண்டாக ஒவ்வோர் ஆண்டும் நீட்டித்துத்தான் வருகிறது என்றார். வள்ளத்தில் இனி ஏற்ற மாட்டார்கள்; வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. அந்தப் பொட்டல் இருக்கும்வரைதான் இந்த வீட்டில் உலை என்றார். நீங்கள் படித்தவர், அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்றார். எதை எடுத்துச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஆறாவது மாதத்தில் மேலிடத்து உத்தரவு வந்தது. இனிக் கட்டளைகள் யாவும் தமிழில் அமைய வேண்டும். தேர்வும் தமிழிலேயே நடக்கும். கூட்டுப் பயிற்சியைத் தேர்வாளரே நேரில் நடத்திப் பார்ப்பார். அதைக் கொண்டுதான் பயிற்றுநரை நீட்டிப்பதா என்று முடிவாகும். அச்சிட்ட சொற்பட்டியல் ஒன்றும் உடன் வந்தது. எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. மாஸ்டரோ அந்தத் தாளை வெகு நேரம் கையில் வைத்திருந்தார்.

மறுநாள் காலை, "வலப்புறம்… திரும்பு" என்றார். எட்டுப் பேர் 'ரும்' என்னும்போது திரும்பினோம். எட்டுப் பேர் 'பு' என்னும்போது திரும்பினார்கள். தோளோடு தோள் இடித்து ஒருவர் கீழே விழுந்தார். எல்லோரும் சிரித்தோம். மாஸ்டர் மீண்டும் சொன்னார். மீண்டும் அதே கதி. இடிபோல் விழும் ஆங்கிலச் சொல்லுக்குப் பழகிய குரல், மூன்றெழுத்தும் ஒரு மெய்யும் கொண்ட இந்தச் சொல்லுக்குள் எந்த இடத்தில் இறங்குவது என்று தெரியாமல் தடுமாறியது. மூன்று நாள் இப்படியே கழிந்தது. மூன்றாம் நாள் மாலை என்னை அழைத்தார்.

"புலவரே, இந்தச் சொல்லு எங்கன முடியுது?"

தமிழ் இலக்கணத்தை என்னிடம் அதுவரை எவரும் அத்துணை அவசரத்தோடு கேட்டதில்லை. 'தி' என்பது குறில். 'ரும்' என்பதில்தான் சொல்லின் வலிவு இருக்கிறது. ஈற்றிலுள்ள 'பு' குற்றியலுகரம், அதில் உகரம் தன் அளவிற் குறைந்து அரை மாத்திரையே ஒலிக்கும் என்றேன்.

"அரை மாத்திரையா? காச்சக்காரனுக்குக் குடுக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். பிறகு எழுந்து நின்று, தம் கால்களையே பார்த்தபடி, அந்தச் சொல்லை வாய்க்குள் பலமுறை உருட்டினார். திரும்புதல் என்பது உண்மையில் இரண்டு அசைவு. வலக்குதிகாலிலும் இடக்கால் விரலிலும் உடம்பைத் திருப்புவது ஒன்று; பின்னே நிற்கும் இடக்காலைக் கொணர்ந்து சேர்ப்பது மற்றொன்று. 'ரும்' எனும்போது திரும்பினார். சற்றே நிறுத்தி, 'பு' எனும்போது குதிகாலைச் சேர்த்தார். சேர்ந்த ஓசையும் அந்த எழுத்தும் ஒன்றாய் விழுந்தன.

அவருடைய முகம் அன்று மலர்ந்ததைப் போல முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. இரண்டு அசைவுக்கும் இடமிட்டு வைத்துத்தான் இந்தச் சொல்லை யாரோ செய்திருக்கிறார்கள் என்றார். இந்த மொழியில் இத்தனை நாள் வாய் பேசியது, கால் பேசவில்லை என்றார். புலவரே புலவரே என்று என் தோளைத் தட்டினார்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மாலையிலேயே எனக்கு ஓர் ஐயம் தோன்றியது. குறுகி ஒலிக்கும் உகரம், உரக்கக் கூவுகிறவன் வாயில் முற்றும் கரைந்துபோகும். சந்தையிலும் துறையிலும் அதை நாள்தோறும் கேட்கிறோம். இதன்மேல் ஒரு காலை நம்பி வைக்கலாகாது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் அந்தப் பொட்டலில் நான் முதன்முறையாகப் பயன்பட்டிருந்தேன். சொல்லாமல் இருந்துவிட்டேன்.

நான்கு மாதம் பயின்றோம். 'ரும்' என்றால் பதினாறு உடம்பும் திரும்பும். 'பு' வரும்வரை பதினாறு இடக்கால்களும் விரல் ஊன்றிப் பின்னே காத்திருக்கும். அந்த நடுநேரத்தை மாஸ்டர் வேண்டுமென்றே நீட்டுவார். நாங்கள் அசைய மாட்டோம். 'பு' விழுந்ததும் பதினாறு குதிகால்களும் சேரும் ஓசை, பூசையில் மணி ஓய்ந்த பின் வரும் அமைதியைப் போல எனக்குப் படும்.

தேர்வாளர் ஜீப்பில் வந்தார். முதல் நாள் ஒவ்வொருவரும் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு வகுப்பு நடத்திக் காட்டினோம். மதிப்பெண் இட்டு முடித்தார். எங்கள் சான்றிதழ் அன்றே உறுதியாகிவிட்டது. மறுநாள் காலை கூட்டுப் பயிற்சி. அது மாஸ்டருக்கான தேர்வு. தேர்வாளர் அவரை ஓரமாக நிற்கச் சொல்லி, நான் கேட்கும்வரை நீர் வாய் திறக்கக் கூடாது என்றார். மாஸ்டர் குதிகாலைச் சேர்த்து நின்றார்.

"நேர்… நில்" என்றார் தேர்வாளர். நின்றோம். நன்று என்பதுபோல் தலையசைத்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, "வலப்புறம்…" என்றார். சற்று நிறுத்தி, சாட்டை வீசுவதுபோல், "திரும்ப்" என்று கத்தினார்.

திரும்பினோம். நின்றோம்.

'பு' வரவில்லை. பதினாறு பேரும் உடல் வலப்புறம் நோக்க, இடக்கால் பின்னே விரலில் நிற்க, குதிகால் தூக்கியபடி அப்படியே இருந்தோம். தேர்வாளர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். எனக்குக் கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது. காலைச் சேர்த்துவிடலாம், எங்களை யாரும் கட்டிவைக்கவில்லை. ஆனால் ஒருவன் முந்திச் சேர்த்தால் மாஸ்டரின் வகுப்பு சிதறியது என்றாகும்; சேர்க்காவிட்டால் மாஸ்டரின் வகுப்புக்குத் திரும்பத் தெரியாது என்றாகும். என் உதட்டுக்குப் பின்னே அந்த எழுத்து வந்து நின்றது. எத்தனையோ ஆயிரம் முறை இறைவனை நோக்கித் திறந்த வாய், அன்று அரை மாத்திரைக்குத் திறக்கவில்லை. ஓதித் தேறலாம் என்று ஒரு பதிகத்தை மனத்தில் எடுத்தேன். முதற்சீரிலேயே நின்றுவிட்டது.

"ஏன்யா இப்படி நிற்கிறார்கள்?" என்று தேர்வாளர் மாஸ்டரிடம் கேட்டார்.

"சொல்லு முடியலிங்கய்யா."

"என்ன முடியவில்லை?"

"'பு' வரலிங்க."

தேர்வாளரின் முகம் கறுத்தது. "எனக்குத் தமிழ் சொல்லித் தருகிறீரா?"

"இல்லிங்கய்யா."

"அப்படியானால் அதை நீரே சொல்லித் தொலையும்."

இப்போது மாஸ்டருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நான் கடைக்கண்ணால் அவரையே பார்த்தேன். அந்த ஓரெழுத்தில் அவருடைய வீட்டு உலை இருந்தது. அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். சொல்லிவிடுங்கள் மாஸ்டர் என்று என் உடம்பெல்லாம் கெஞ்சியது.

"தொடங்குனவகதான் முடிக்கணும்ங்கய்யா" என்றார். "பாதியில வேற கொரல் விழுகப்படாது. காலு ஒடியும்."

அவர் குரலில் செருக்கு இல்லை. கடலில் நீர் உப்பு என்பதைச் சொல்கிறவர்போலச் சொன்னார். தேர்வாளர் எங்களைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். அவரேனும் அந்த எழுத்தை உதிர்த்திருக்கலாம். உதிர்த்தால் தாம் விழுங்கியதை ஒப்புக்கொண்டதாகிவிடும். நோட்டை மூடிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார். வண்டி கிளம்பி, புழுதி ஒடைமரங்களின் மேல் படிந்து, ஓசையும் ஓய்ந்தது.

நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். முடிக்க உரியவர் போய்விட்டார். மாஸ்டரும் ஓரத்தில் அசையாமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று சொல்ல இயலாது. திருப்பாலைக்குடிக்காரர் வாய்விட்டு முனகினார். அப்போதுதான் மாஸ்டர் தம் இடத்தைவிட்டு வந்தார். முனகியவர் அருகில் குந்தி, பின்னே நின்ற இடக்காலைக் கணுக்காலில் பிடித்துத் தூக்கி, வலக்குதிகாலோடு சேர்த்து வைத்தார். அடுத்தவரிடம் சென்றார். அவருக்கும் அவ்வாறே. பதினாறு பேருக்கும், ஒருவர்பின் ஒருவராக, கையாலேயே அந்தச் சொல்லை முடித்தார்.

நான் கடைசியில் நின்றேன். நாள்தோறும் இறைவன் அடி அடி என்று பாடுகிறவன் நான். என் அடியை என்னினும் மூத்த ஒருவர் கை தொட்டபோது உடல் குறுகிப் போயிற்று. குந்தியிருந்தபடியே அண்ணாந்து, "எழுத்து சரியாத்தேன் இருந்துச்சு புலவரே. அவருக்கு மூச்சுப் பத்தல" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் தபாலில் எங்கள் சான்றிதழ்கள் வந்தன. பதினாறு பேரும் தேறியிருந்தோம். மாஸ்டருக்குத் தனியே ஒரு கடிதம். அலுவலகத் தமிழ் அவருக்குப் பழக்கமில்லை, என்னிடம் நீட்டினார். மேற்படியார் இவ்வுத்தரவு கிடைத்த நாளின் பிற்பகல் முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார் என்று எழுதியிருந்தது. வீடு, விடுதலை என்று நான் அதுகாறும் பாடிய சொற்களெல்லாம் அந்த ஒரு வரியில் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தன.

"அப்படின்னா?"

"போகலாம் என்று பொருள் மாஸ்டர்."

"கட்டளதானே?"

"கட்டளைதான்."

பிற்பகல் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொட்டலுக்கு வந்தார். படலை நோக்கிக் குதிகாலைச் சேர்த்து நின்றார். அந்தத் தாள் இன்னும் என் கையில் இருந்தது.

"நீட்டமான சொல்லா இருக்கே புலவரே. இதுல எந்த எழுத்துல காலெடுக்கணும்?"

நகைத்துக்கொண்டே கேட்டிருந்தால் நானும் நகைத்திருப்பேன். அவர் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தில் என்றேன்.

"அப்ப மொதல்லயிருந்து நீங்களே சொல்லுங்க."

'விடுவிக்கப்படுகிறார்': பதினொரு எழுத்து. ஒன்றையும் விழுங்காமல், உகரங்களும் கெடாமல், மெய்கள் தெறிக்கச் சொன்னேன். ஈற்று ரகர மெய்யில் அவருடைய இடக்கால் எழுந்தது. படலைக் கடந்து, ஊருணிக் கரையேறி, ஸ்டேஷன் பாதையில் ஒரே சீராக நடந்து போனார்.

'நில்' என்றொரு சொல் இருந்தது. ஒற்றை அசை; விழுங்கவும் ஏதுமில்லை. அது காதில் விழுந்திருந்தால் நின்றிருப்பார். அதை நான் சொல்லவில்லை.